உப்பளத்திலிருந்து வந்த வெளிநாட்டு மெயில்

ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு அந்த மெயில் வந்தது. நான் அதைத் திறந்து படித்தது செப்டம்பர் இருபத்தாறாம் தேதி. நடுவில் எழுபத்தொன்பது நாள். அந்த நாட்களில் ஒரு மனிதர் உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார். அதுவும் எங்கள் ஊரிலேயே, ஸ்கூட்டரில் போனால் இருபது நிமிஷத் தொலைவில். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் லூர்துபிரகாஷ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவரை நல்லவர், கெட்டிக்காரர் என்று புகழ்ந்துகொண்டே போய்விடுவேன். என் தப்பு அந்தப் புகழுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

என் பெயர் சிவசங்கரி. புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கதவு அண்ணனுடைய பட்டறை. அவர் செருப்பு செய்பவர். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பு இல்லை. சர்க்கரை வியாதியில் உணர்ச்சி செத்த கால், தொழுநோயில் விரல் மடங்கிப்போன கால், பிறக்கும்போதே திருகிக்கொண்ட குழந்தைக் கால், இப்படிப்பட்ட கால்களுக்குத்தான் அவர் செருப்பு. ஒவ்வொரு பாதத்துக்கும் தனியாக அளவெடுத்து, புண் இருக்கிற இடத்தில் உடம்பு பாரம் விழாதபடி மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரைக் குடைந்து, மேலே தோல் வார் வைத்துக் கையால் தைப்பார். ஒரு செருப்புக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். ஆணி மட்டும் அடிக்கவே மாட்டார். அவர் பட்டறையில் சுவரில் காலண்டர் மாட்டுவதற்குக்கூட ஆணி கிடையாது, பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கிறார்.

அதற்குக் காரணம் அவருடைய அப்பா. நோணாங்குப்பத்தில் கொத்தனாராக இருந்தவர், சர்க்கரைக்காரர். ஒருநாள் காலையில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அது கழலவில்லை. சாரத்துப் பலகையிலிருந்து கழன்ற ஆணி ஒன்று செருப்பின் அடியிலிருந்து ஏறிப் பாதத்துக்குள் போயிருந்தது. நாள் முழுக்க அதன் மேல் நின்று செங்கல் அடுக்கியிருக்கிறார், அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது அண்ணனுக்குப் பதினேழு வயது. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் செருப்புப் பட்டறை இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டு, பிறகு தனியாகக் கடை போட்டார். இப்போது வயது ஐம்பத்தாறு. ஒற்றை ஆள், கூட வேலைக்கு ஒருவரும் இல்லை. ஆள் வைத்தால் அந்த ஆள் செய்வதைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது என்பார். கோபக்காரர். கை வேலையாக இருக்கும்போது யாராவது "ஆயிடுச்சா?" என்று கேட்டால் போதும், முகம் சிவந்துவிடும்.

அவருக்குப் போன் ஆகாது. பேசத் தெரியாது என்று இல்லை. "போன்ல பேசினா காலு தெரியுமா?" என்று கேட்பார். வாஸ்தவம்தானே. போனில் எல்லாரும் "சின்னப் புண்ணுதாங்க" என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் எலும்பு தெரியும். அதனால்தான் போனுக்குப் பதிலாக மெயில் வைத்துக்கொண்டோம். காலுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, உள்ளங்காலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுவோம். மெயில் முகவரி என் கடைக் கம்ப்யூட்டரில். எங்கள் இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. காலையில் ஒன்பது மணிக்கு நான் ஜன்னலைத் திறந்து ஒவ்வொரு மெயிலாகச் சத்தமாக வாசிப்பேன். அவர் தோலை அறுத்துக்கொண்டே பதில் சொல்லுவார். போட்டோ இருந்தால் மட்டும் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார்.

"இது எங்க வேல செய்யிது இந்தம்மா? நின்னுக்கிட்டே செய்யிற வேலன்னா மொதல்ல ஒக்காரச் சொல்லு. செருப்பு அப்புறம்."

"கேட்டது செருப்புண்ணே, ஜோசியம் இல்ல."

"எழுதும்மா நீ."

அவர் சொல்வதை அப்படியே எழுதினால் ஒரு வாடிக்கையாளரும் மிஞ்ச மாட்டார். "வேணாம்னு எழுது" என்பார். நான் "தங்கள் பாதத்துக்கு எங்கள் காலணி அவசியமில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது" என்று எழுதுவேன். ஒரு அம்மாள் தன் நாய்க்குச் செருப்பு கேட்டு அந்த நாயின் நாலு பாதத்தையும் செய்தித்தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் புண் என்று போட்டோ வந்துவிட்டால் இந்த வேடிக்கை எல்லாம் நின்றுவிடும். அந்த ஆளுக்கு அன்றைக்கே பதில் போகும், அந்த வாரமே செருப்பு போகும். மற்றவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தாலும் சரி, புண்ணுக்குத்தான் முதல் இடம். "சொரண இல்லாத காலுக்கு நாமதான் கண்ணு, சங்கரி" என்று சொல்வார். இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கோபம் இருக்காது.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு டாக்டர் எங்கேயோ ஒரு கூட்டத்தில் அண்ணனுடைய செருப்பைக் காட்டிப் பேசினாராம். அதற்குப் பிறகு பிடித்தது சனி. நாளைக்கு ஐந்து மெயில் வந்த இடத்தில் அறுபது வர ஆரம்பித்தது. பாதிப் பேர் பிரான்ஸிலிருந்து. அவர்களுக்குக் காலில் ஒன்றும் இல்லை, கையால் தைத்த தோல் செருப்பு வேண்டும், அவ்வளவுதான். லியோன் நகரத்துக்காரர் ஒருவர் வாரின் நிறத்தைப் பற்றி மட்டும் பதினான்கு மெயில் போட்டார். கடைசிவரை வாங்கவில்லை. அண்ணன் பகல் பூராவும் பதில் சொல்லியே களைத்துப்போனார். ஒருநாள் பட்டறையிலேயே தலைசுற்றி விழுந்தார். பிரஷர் நூற்றெண்பது. அவருக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் கிளம்பினேன். என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது என்று இப்போது தெரியவில்லை.

மெயில்களை மூன்று பெட்டியாகப் பிரித்தேன். புண், சாதாரணம், வெளிநாடு. முதல் இரண்டையும் நானே படித்துப் பிரிப்பேன். வெளிநாட்டுப் பெட்டிக்கு மட்டும் கம்ப்யூட்டரிடம் சொல்லிவைத்தேன்: அனுப்புகிறவரின் முகவரி பிரான்ஸ் நாட்டு முகவரியாக இருந்தால் நேராக அங்கே போட்டுவிடு. அதை மாதக் கடைசியில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று கணக்கு. கூடவே, எழுதுகிற எல்லாருக்கும் தானாகப் போகிற மாதிரி ஒரு பதில், தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். உங்கள் மெயில் எங்களிடம் பதிவாகிவிட்டது, உங்கள் முறை வரும்போது நாங்களே எழுதுவோம், அதுவரை தயவுசெய்து போன் செய்யவோ நேரில் வரவோ வேண்டாம் என்று. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பிரெஞ்சு படித்தவள் ஆயிற்றே, அந்த பிரெஞ்சை மட்டும் இழைத்து இழைத்து எழுதினேன். கவர்மெண்ட் கடிதம் தோற்றுப்போகும். அண்ணனுக்கு வாசித்தும் காட்டினேன்.

"புண்ணு எதுவும் மாறிப் போயிடாதே?" என்று கேட்டார்.

"பிரான்ஸ்ல இருந்து யாருண்ணே புண்ணோட ஒங்களுக்கு எழுதப் போறா? அங்க இல்லாத ஆஸ்பத்திரியா?" என்றேன்.

அவர் சரி என்று சொல்லிவிட்டார். அவர் மூன்று வருஷம் மட்டுமே பள்ளிக்கூடம் போனவர். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தெருவிலேயே மூன்று வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வருகிறது. அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே வேட்டி கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிற பெரியவர்கள் எத்தனை பேர். அவர்கள் பென்ஷன் விஷயமாக எழுதுவதற்கு பிரான்ஸ் மெயில் முகவரிதான் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. வெளிநாட்டு முகவரி என்றால் ஆளும் வெளிநாட்டில்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

ஜூலை மாதக் கடைசியில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஐம்பதுக்கு மேல் இருந்தது. தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நான் முதலில் சொன்ன அந்த மனிதர் தலைப்பில் "காலணிக்கான விண்ணப்பம்" என்று எழுதியிருந்தார். அதற்கு மேலேயும் கீழேயும் லியோன்காரரின் மெயில்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். ஆகஸ்ட் மாதக் கடைசியில் அதுவும் செய்யவில்லை. அட்மிஷன் விண்ணப்பம், அது இது என்று கடையில் கூட்டம். சோம்பேறித்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

செப்டம்பர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. மாதக் கடைசிக்கு நாலு நாள் முன்னாலேயே திறந்தேன், கடையில் கரண்ட் போய் வந்ததில் வேறு வேலை ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று, அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. தலைப்பு "விண்ணப்பத்தை வாபஸ் பெறுதல்". எனக்குச் சந்தோஷம். ஜன்னல் வழியாக அண்ணனிடம், "ஒரு பிரான்ஸ்காரரு வேணாம்னு வாபஸ் வாங்குறாருண்ணே. ஒங்களுக்கு ஒரு வேல மிச்சம்" என்றேன்.

"நல்லா இருக்கட்டும். படி" என்றார்.

பிரெஞ்சில் இருந்ததை நான் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். ஐந்து வரிதான். இன்றைக்கும் மனப்பாடம்.

'மதிப்புக்குரிய ஐயா, ஜூலை ஒன்பதாம் தேதியிட்ட என் விண்ணப்பம் தொடர்பாக எழுதுகிறேன். இம்மாதம் பதினெட்டாம் தேதி என் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகையால் நான் கேட்டிருந்த காலணி இனி எனக்குத் தேவைப்படாது. வரிசையில் என் இடத்தை எனக்குப் பின்னால் காத்திருப்பவருக்கு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

இரண்டாவது வரியிலேயே பட்டறையில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து சுற்றிக்கொண்டு என் கடைக்குள் வந்தார்.

"மொத மெயில எடு."

எடுத்தேன். ஜூலை ஒன்பது. கிருஷ்ணசாமி, வயது எழுபத்தொன்பது, ஓய்வு பெற்ற பிரெஞ்சு ராணுவத்தார். இடது கால் பெருவிரலுக்கு அடியில் மூன்று வாரமாகப் புண், வலி இல்லை, கட்டுப் போடுகிற டாக்டர்தான் உங்கள் பெயரைச் சொன்னார், உங்கள் காலணி கிடைக்கும்வரை அதிகம் நடக்க வேண்டாம் என்றார். எழுதியிருந்த விதம் அத்தனை ஒழுங்கு. செய்தித்தாளில் வரைந்த பாதம், நாலு பக்கமும் அளவு. உள்ளங்கால் போட்டோ. புண் ஐம்பது பைசா அகலம்கூட இல்லை, சுற்றிலும் தோல் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கீழே வீட்டு விலாசம். உப்பளம், புதுச்சேரி.

அண்ணன் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியை ஏற்றவும் இல்லை, குனியவும் இல்லை.

"ஆறு வாரத்துல ஆறியிருக்கும், சங்கரி" என்றார். "செருப்பு மாட்டியிருந்தா, ஆறே வாரம்."

நான் அழுதேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த வாபஸ் மெயிலுக்குக்கூட என் கம்ப்யூட்டர் பதில் போட்டிருந்தது, ஒரு நிமிஷத்துக்குள். அந்தத் தானியங்கிப் பதிலையும் மூன்று பெட்டிகளையும் அங்கேயே அழித்தேன். அழித்து யாருக்கு என்ன லாபம். அண்ணன் அளவெடுக்கிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

உப்பளத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி, அன்னக்கிளி அம்மாள். நாங்கள் யார் என்று சொன்னதும் அந்தம்மாளின் முகம் மாறிய விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்துவிட்டது போலப் பதறி, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நேத்துதான் ஆஸ்பத்திரிலேருந்து வந்தோம். ஒக்காருங்க. நான் அப்பவே சொன்னேம்மா, ஒரு நட நேர்ல போயி பாத்துட்டு வாங்க, ஆட்டோ புடிச்சா எம்மாந் நேரம்னு. இவரு கேக்கல. வராதீங்கன்னு எழுதி அனுப்பிருக்காங்க, அதுக்கு மேல போயி நின்னா மரியாதயான்னு கேட்டாரு."

உள்ளே கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கட்டு, அதற்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. பக்கத்து மேஜையில் ரோஸ் நிற அட்டை ஃபைல் ஒன்று. அன்னக்கிளி அம்மாள் அதைத் திறந்து காட்டினார். பென்ஷன் காகிதங்கள், வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்ச் சான்றிதழின் நகல்கள், எல்லாவற்றுக்கும் மேலே என் தானியங்கிப் பதில், பிரிண்ட் எடுத்து, மூலையில் வந்த தேதியைப் பேனாவால் குறித்து வைத்தது.

"ஆபீஸ்ல பேப்பர் குடுத்தா இப்பிடித்தான் வரும்" என்று பெரியவர் எனக்கு விளக்கினார், எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல. "இது வந்துட்டா ஃபைல் நடக்குதுன்னு அர்த்தம். நடுவுல போயி தொந்தரவு பண்ணக் கூடாது. நாப்பது வருசமா எனக்கு எல்லாம் அப்பிடித்தான் வந்துருக்கு, ஒண்ணுகூட தவறுனதில்ல. நீங்க ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க மதாம்."

பிரெஞ்சு மரியாதையில் என்னை மதாம் என்றும் அண்ணனை முசியே என்றும்தான் கூப்பிட்டார். இவர் மேலேயும் எனக்குக் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கால் போகிற வரைக்கும் ஒரு மனிதன் இப்படிப் பொறுமையாக இருக்கலாமா, ஒரு போன் போட்டுக் கத்தியிருந்தால் என்ன என்று. பிறகு நினைத்துப் பார்த்தேன், போன் செய்யாதே என்று எழுதியவளும் நான்தானே.

"ஐயா, உங்க மெயில நாங்க படிக்கவே இல்லீங்க" என்றார் அண்ணன். நின்றுகொண்டேதான் சொன்னார். "தப்பு எங்களுது. இத வாங்கிக்கிட்டதா பதில் போட்டது மெஷினு. புண்ணுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்துருப்பேன்."

"நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றேன் நான்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை லேசாக அசைத்தார்.

"நீங்க பாவம், எவ்வளவு பேருக்குப் பாப்பீங்க. நான் மார்க்கெட்டுக்கு நடந்தேன் முசியே. டாக்டர் நடக்க வேணாம்னாரு. இவளால தூக்கிக்கிட்டு வர முடியாதுன்னு நடந்தேன். அது என் தப்பு."

திட்டு வாங்கத்தான் போனேன். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அழுது தேறியிருப்பேன். அந்த மனிதர் எங்களுக்குச் சமாதானம் சொன்னார். அன்னக்கிளி அம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தார், நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் காபியைத் தொடவில்லை. அவர் பார்வை பெரியவருடைய வலது காலில் இருந்தது. தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கேட்காமலேயே அந்தக் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தவர் நடுவிரலுக்கு அடியில் நிறுத்தினார். காய்ப்பு தடித்திருந்தது. அதன் நடுவில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"இது எப்பலேருந்து?"

"தெரியலியே. வலிக்கல."

"வலிக்காது" என்றார் அண்ணன். "இதுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. அந்தக் கால ஊனாம இத்தினி மாசம் இதும் மேலயே பாரத்தப் போட்டிருக்கீங்க. இப்ப வாக்கர வச்சிக்கிட்டு இதுலயே தத்துறீங்க. இன்னும் பத்து நாள் தத்துனா ஒடஞ்சிரும்."

உடைந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்னக்கிளி அம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எழுபத்திரண்டு வயது, பிள்ளைகள் கிடையாது. இன்னொரு காலும் போனால் கிருஷ்ணசாமி ஐயாவைக் கட்டிலிலிருந்து இறக்குவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

அண்ணன் அன்னக்கிளி அம்மாளிடம் சொன்னார், இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டிக் காய்ப்பைச் சீவிவிடச் சொல்லுங்கள், செருப்பு வரும்வரை காலைத் தரையில் வைக்கவே கூடாது, பாத்ரூமுக்குக்கூட நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போங்கள் என்று. பையிலிருந்து தாளை எடுத்து விரித்து அளவெடுக்க ஆரம்பித்தார்.

பெரியவர் சங்கடப்பட்டார். "முசியே, ஒங்களுக்காக மத்தவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. முறைப்படி நான் புதுசா ஒரு மெயில் அனுப்பட்டுமா?"

பென்சில் பிடித்திருந்த அண்ணனுடைய கை நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. "வேணாங்கய்யா" என்றார், மெதுவாக. நான் வாசலுக்கு எழுந்து போய்விட்டேன். தெருவில் ஒரு வண்டிக்காரர் வெங்காயம் விற்றுக்கொண்டு போனார். அந்த வண்டியை எதற்கென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அண்ணன் பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து வேலை செய்தார். ஜன்னலைத் திறக்கவில்லை. வருகிற மெயில்களை நான் ஒவ்வொன்றாகத் திறந்து, போட்டோக்களைப் பெரிதாக்கி, பிரிண்ட் எடுத்து ஷட்டருக்கு அடியில் தள்ளினேன். நாய்க்குச் செருப்பு கேட்கிறவர் எழுதினாலும் தள்ளினேன். எதை நான் பிரிப்பது, எதை ஒதுக்குவது, எனக்கு அந்த யோக்கியதை போய்விட்டது. உள்ளேயிருந்து ரப்பர் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். என்னிடம் பேசக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்ததாக நான் நினைக்கவில்லை. பேசினால் என்னைக் காயப்படுத்தும்படி ஏதாவது வந்துவிடும் என்று பயந்திருப்பார். அந்த அளவுக்கு அவரை எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் செருப்பு முடிந்தது. வலது காலுக்கு ஒன்று. கறுப்புத் தோல், அகலமான இரண்டு வார், நடுவிரலுக்கு நேராக ரப்பர் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. நான் பார்த்த அவருடைய வேலைகளில் அதைப் போல நயமான ஒன்று இல்லை. அவரும் நானும் மறுபடி உப்பளம் போனோம்.

பெரியவரை மடியில் போர்வையோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். காய்ப்பைச் சீவிக் கட்டுப் போட்டிருந்தது. புள்ளி ஆழமாகப் போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னதாக அன்னக்கிளி அம்மாள் சொன்னார். அண்ணன் மண்டிபோட்டுச் செருப்பைக் கீழே வைத்தார். பெரியவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சிங்களா, முசியே?"

"போடுங்கய்யா."

"இல்ல. ஒருத்தர் எடத்த நான் எடுத்துக்கிட்டேன்னா, அது நல்லா இருக்காது. எனக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது."

அவர் பிடிவாதமாகச் சொல்லவில்லை, வேண்டிக்கொள்வது போலத்தான் சொன்னார். ஆனால் காலை நீட்டவில்லை. நான் ஏதாவது பொய் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அடங்கிவிட்டேன்.

"யாரு எடத்தயும் எடுக்கலீங்க. வரிசையில இருந்த ஒருத்தரு, எனக்கு வேணாம், பின்னாடி இருக்குறவருக்குக் குடுத்துருங்கன்னு எழுதிட்டாரு. அந்த எடத்துலதான் இத செஞ்சேன்."

"ஏன் வேணாம்னுட்டாரு?"

"அவருக்குக் கால் போயிடுச்சிங்க."

"அடப் பாவமே" என்றார் பெரியவர். உண்மையாகவே வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார். "எந்த ஊரு?"

அண்ணன் செருப்பின் வாரைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் அந்தப் பார்வையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு இருந்தார். பிறகு குனிந்து, போர்வைக்கு அடியில் கால் இல்லாத இடத்தைப் பார்த்தார். அன்னக்கிளி அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி" என்றார் அவர். வலது காலை மெல்ல வெளியே நீட்டினார். அண்ணன் அதைத் தன் கையில் வாங்கிச் செருப்பை மாட்டிவிட்டு, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை, நீங்களே பாருங்கள் என்றார் பெரியவர்.